எண்ணுகிறானா, ஒப்பிக்கிறானா? சின்னஞ்சிறு குழந்தைகள் பற்றிய கேள்வி பதில்

குழந்தைகளின் பேச்சு, மொழி வளர்ச்சியில் பயிற்சி தருவது என் வேலை. ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்குப் பாதி கேள்வி இல்லை, பூரிப்பு. அதுவும் வேண்டியதுதான். காய்ச்சல், தடுப்பூசி, தூக்கம் பற்றிக் கேட்டவர்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அது என் துறை இல்லை.

கேள்வி: மகளுக்கு 19 மாதம். துணி மடிக்கும்போது என் கையிலிருந்து ஏதாவது நழுவினால் ஓடி வந்து எடுத்துக் கொடுக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. இது பெரிய விஷயமா, இல்லை பெற்ற மனசுக்கு அப்படித் தெரிகிறதா?

பதில்: பெரிய விஷயம்தான். துணி விழுந்ததைக் கவனித்தாள். நீங்கள் வேண்டுமென்று போடவில்லை என்று புரிந்துகொண்டாள். அது உங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று ஊகித்தாள். அப்புறம் எழுந்து ஓடி வந்தாள். வார்னெகன், டோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகளிடம் இதையே செய்து பார்த்து 2006-இல் எழுதினார்கள். பொருள் கைதவறி விழுந்து, அதை எட்ட முடியாமல் பெரியவர் கை நீட்டியபோது குழந்தைகள் தாமாகவே போய் எடுத்துக் கொடுத்தன. அவரே வேண்டுமென்று வீசியபோது அந்த அளவுக்கு உதவிக்கு வரவில்லை. பரிசும் கிடையாது, பாராட்டும் கிடையாது. நீங்களும் ஒருநாள் ஒரு துணியை வேண்டுமென்றே தூக்கிப் போட்டு, அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளும் மடிக்கப் பார்த்தால், அவள் மடித்த துணி சுருண்டுதான் இருக்கும். அவள் கண் முன்னால் அதைப் பிரித்து மறுபடி மடிக்காதீர்கள்.

கேள்வி: 14 மாதமாகியும் மகன் நடக்கவில்லை. வாக்கர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, குழந்தை தனியாக நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. உங்கள் மகனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வாக்கரால் நடை சீக்கிரம் வராது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடக்கூடும். கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. 18 மாதம் தாண்டியும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நடக்க ஆரம்பித்த மகள் ஓயாமல் விழுகிறாளே?

பதில்: 12 முதல் 19 மாதக் குழந்தைகள் ஒரு மணி நேரம் விளையாடும்போது சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்து, 17 முறை விழுகிறார்கள் என்று ஆய்வாளர் கேரன் அடால்ஃபின் குழு 2012-இல் எண்ணிச் சொன்னது. கூரான மேசை முனைகளை மூடிவிட்டு அவளை விடுங்கள்.

கேள்வி: மகனுக்கு 26 மாதம். ஒன்று முதல் இருபது வரை தடுமாறாமல் எண்ணுகிறான். நூறு வரை எப்போது சொல்லித் தரலாம்?

பதில்: நூறு இருக்கட்டும். அவன் முன்னால் பத்துப் பொம்மைகளை வைத்து, "அப்பாவுக்கு ரெண்டு கொடு" என்று கேளுங்கள். என்ன செய்தான் என்று இங்கேயே எழுதுங்கள்.

அதே தந்தை: இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்துவிட்டான். "ஒண்ணு கொடு" என்றால் மட்டும் சரியாக ஒன்று தருகிறான்.

பதில்: அப்படியானால் அவனுக்கு 'ஒன்று' தெரியும். மற்றவை இப்போதைக்கு அவனுக்குப் பாட்டு வரிகள். உளவியலாளர் கேரன் வின் இதே மாதிரி கேட்டுப் பார்த்துத்தான் 1990-களின் தொடக்கத்தில் இதைத் தெளிவாக்கினார். குழந்தை முதலில் ஒன்றின் பொருளை அறிகிறது, பல மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பெரும்பாலும் மூன்றரை வயது வாக்கில்தான் பிடிபடுகிறது.

வேறொரு தாய்: மேடம், இது அநியாயம். என் மகளும் இருபது வரை சொல்கிறாள். அது வெறும் ஒப்பித்தல் என்கிறீர்களா? அத்தனை வார்த்தையை வரிசை மாறாமல் வைத்திருப்பது சாதனை இல்லையா?

பதில்: சாதனைதான், அதை நான் குறைக்கவில்லை. வரிசை மாறாமல் சொன்னால்தான் பிறகு எண்ணவே முடியும். ஆனால் விருந்தினர் முன்னால் நிறுத்தி "சொல்லு, சொல்லு" என்று இருபது வரை சொல்ல வைப்பதற்கும், செருப்பு மாட்டும்போது "ஒரு கால், இன்னொரு கால், ரெண்டு" என்று நீங்கள் தொட்டுச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதில்தான் எண்ணுக்குப் பொருள் ஏறுகிறது.

அதே தாய்: பன்னிரண்டுக்குப் பதில் "பதினிரண்டு" என்கிறாள். திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

பதில்: திருத்தாதீர்கள்! அந்த வார்த்தையை அவள் யாரிடமும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு என்பதிலிருந்து 'பதின்' என்ற துண்டைத் தானே பிரித்தெடுத்து, இரண்டோடு ஒட்டியிருக்கிறாள். யாரும் சொல்லாத விதியைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். இருபது வரை சொன்னதைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. நீங்கள் சரியாகச் சொல்லிக்கொண்டே இருங்கள், தானாக மாறிவிடும்.

கேள்வி: இரண்டு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. ஆண் குழந்தைகள் தாமதமாகத்தான் பேசுவார்களாமே?

பதில்: முதலில் காது கேட்கும் பரிசோதனை. இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். ஆண் குழந்தை என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: பிறந்தபோதே காதைச் சோதித்தார்கள், நன்றாக இருந்தது. 22 மாதம், ஒன்றிரண்டு சொற்கள்தான். வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலா?

பதில்: இரண்டு மொழியால் இல்லை. காதை மறுபடியும் பாருங்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கினாலும் கேட்பது மங்கும்.

கேள்வி: மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், பேச்சு வர என்ன...

பதில்: மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், காது. இதே கேள்வி கேட்ட எல்லோருக்கும் இதுதான் பதில்.

கேள்வி: 10 மாத மகன் எதை எடுத்தாலும் வலது கைதான். இப்போதே வலது கைப் பழக்கம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் பெருமை.

பதில்: இந்த வயதில் இரண்டு கையும் சமமாக வேலை செய்ய வேண்டும். இடது கையை அவன் பயன்படுத்துவதே இல்லை என்றால் அந்தப் பக்கம் பலம் குறைவாக இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அக்கா, என் பெண் பொம்மைக் காருக்குள் காலை நுழைக்கப் பார்க்கிறாள். கை அளவுதான் இருக்கும் அந்தக் கார்!

பதில்: ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள் பல குழந்தைகள் செய்வது இது. கார் என்றால் ஏறி உட்கார்வது என்று அவளுக்குத் தெரிகிறது. அந்த நினைப்பு வந்த வேகத்தில் அளவை மறந்துவிடுகிறாள். சிரித்துவிடாமல் பாருங்கள், அவள் உண்மையாகவே முயல்கிறாள்.

கேள்வி: "உனக்கு பொம்மை வேணும்" என்கிறான். தனக்குத்தான் கேட்கிறான்.

பதில்: நீங்கள் அவனை "உனக்கு வேணுமா?" என்றுதானே கேட்கிறீர்கள்? அவனைப் பொறுத்தவரை 'உனக்கு' என்பது அவன் பெயர். பேசுகிற ஆளுக்குத் தக்கபடி மாறும் சொல் அது என்று பிடிபடக் கொஞ்ச நாளாகும். "ஓ, எனக்கு வேணும்னு சொல்றியா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இருபது வரை சொல்லும் மகனின் தந்தை: இப்போது படியிறங்கும்போது அவனே என் இரண்டு செருப்பையும் கொண்டு வந்து, "ரெண்டு" என்றான். நான் கேட்கவே இல்லை. மூன்று கேட்டுப் பார்க்கட்டுமா?

பதில்: இன்று வேண்டாம். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவனோடு வெளியே போய் வாருங்கள்.