ஈரத் துண்டை எடுங்கள்

கேள்வி: வேலையில்லாத என் தம்பி ஓராண்டாக எங்களுடன் இருக்கிறான். இரவில் கூடத்தில் அமர்ந்து கஞ்சா புகைக்கிறான். பக்கத்து வீடுகளுக்கு வாடை போகாதிருக்க ஜன்னல்களைச் சாத்தி, வாசற்கதவின் அடியில் ஈரத் துண்டை விரித்துவிடுகிறேன். என் எட்டு மாதக் குழந்தைக்குச் சளி விட்டபாடில்லை. அடுத்த மாதம் அலுவலகத்தில் சிறுநீர்ச் சோதனை இருக்கிறது. அந்தப் பழக்கமே இல்லாத நான் மாட்டிக்கொள்வேனா?

பதில்: காற்றோட்டமுள்ள இடத்தில் எப்போதாவது மூக்கில் ஏறும் புகையால் சோதனையில் சிக்குவது மிக அரிது. ஆனால் உங்கள் கூடம் அத்தகைய இடமன்று. அதை அடைத்தவர் நீங்களே. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கஞ்சா புகைப்போர் 6 பேருடன் புகைக்காதோர் 6 பேரை ஒரு மணி நேரம் அமர்த்தினார்கள். காற்று வெளியேறாத அறையில் புகைக்காதவர்களுக்கும் லேசான போதை ஏறியது, சிலருடைய சிறுநீர் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. காற்றோட்டம் தந்த அறையில் அந்தப் போதை தோன்றவில்லை. அவர்கள் ஆய்வுக்கென முனைந்து அமைத்த அடைத்த அறையை நீங்கள் ஒரு துண்டைக் கொண்டு இரவுதோறும் அமைத்து, அதற்குள் குழந்தையையும் வைத்திருக்கிறீர்கள்.

அந்தத் துண்டை விட்டு என்னால் நகர முடியவில்லை, அம்மா. நாலு பேர் வாய்க்குப் பயந்து வாசலை அடைக்கத் தெரிந்த உங்களுக்கு, வெளியே போகாத புகை உள்ளே யாருடைய நெஞ்சுக்குள் போகும் என்று கேட்கத் தோன்றவில்லையா? உங்கள் சிறுநீரைப் பற்றி இவ்வளவு கவலை. குழந்தையின் சளிக்கு ஒரே ஒரு வரி. அமெரிக்காவின் கொலராடோவில் மூச்சு நுண்குழல் அழற்சியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கைக்குழந்தைகளை ஆராய்ந்தபோது, சுமார் 16 சதவீதக் குழந்தைகளின் சிறுநீரில் கஞ்சாவின் தடயம் இருந்தது. உங்கள் குழந்தையின் சளிக்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்து நான் சொல்ல மாட்டேன். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதற்கு வீட்டில் என்ன புகைகிறது என்பதை வெட்கப்படாமல் நீங்கள் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

இலைதானே, சிகரெட்டைப் போலக் கெடுதல் இல்லை என்று தம்பி வாதாடுவார். இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் அதையே சொல்வார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் எலிகளை ஒரே ஒரு நிமிடம் கஞ்சாப் புகையில் வைத்தபோது, இரத்தக்குழாய்கள் விரியும் திறன் குன்றி, 90 நிமிடம் கழித்தும் மீளவில்லை. சிகரெட் புகையில் அரை மணியில் மீண்டது. போதைச் சத்தை நீக்கிய கஞ்சாவின் புகையும் அதே கேட்டைச் செய்தது, ஏனெனில் எரியும் எந்த இலையும் நுண்துகளையும் நச்சையும் கக்கும்.

உடன்பிறந்தவனுக்குச் சோறு போடுவது கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தக் கடமை பெற்ற குழந்தைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். வளர்ந்த ஆண் எழுந்து வெளியே போகலாம், தவழும் குழந்தை எங்கே போகும்? (“எங்களுடன்” என்கிறீர்கள், உங்கள் கணவர் இதற்கு என்ன சொல்கிறார் என்று ஒரு சொல்லும் இல்லை.)

இன்றிரவே துண்டை எடுத்துவிட்டு ஜன்னல்களைத் திறங்கள். ஜன்னல் திறந்திருப்பதால் மட்டும் குழந்தை தப்பிவிடாது. வீட்டுக்குள் புகைக்கவே கூடாது என்று தம்பியிடம் கணவரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வெளியே புகைத்துவிட்டு வந்தால், சட்டையை மாற்றிக் கை கழுவிய பிறகே அவர் குழந்தையைத் தூக்கலாம். விட முடியவில்லை என்றால் சிகிச்சைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அதற்கும் மறுத்தால், வேறு இடம் பார்த்துக்கொள்ள அவருக்கு ஒரு மாதம் கொடுங்கள்.