பாறைக்கு ஒத்தையா வாறியளா? கேட்டதுக்கு எல்லாம் பதில்

கன்னியாகுமரியில விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம் மூணையும் தனியாளா ஒரே நாள்ல பாக்கணும்னு கேட்ட கேள்விகளை ஒண்ணாச் சேத்துட்டேன். எழுதுறது நாகர்கோவில்காரன், பேச்சு வாடை அடிக்கும்.

அண்ணே, சென்னையிலிருந்து ராத்திரி ரயில்ல வந்து மறுநாள் ராத்திரி ரயில்ல திரும்பணும். எங்க தொடங்கலாம்?

கடக்கரையில தொடங்குங்க தம்பி. ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிரலாம். சூரியன் உதிச்சதும் கூட்டம் மொத்தமும் லாட்ஜுக்குத் திரும்பும். குளிச்சு, இட்லி தின்னு, பிள்ளையளைக் கிளப்பிக்கிட்டு படகுத்துறைக்கு வரும்போது மணி பத்தாயிரும். நீங்க ஒத்தையாள், யாருக்கும் காத்து நிக்க வேண்டாம். ஒரு சாயாவைக் குடிச்சுட்டு நேரே டிக்கெட் வரிசைக்குப் போங்க. படகு எட்டு மணிக்கு ஆரம்பிக்கும். பகவதியம்மன் கோயிலை முதல்ல வச்சுக்கிட்டா இந்த லாபம் போச்சு. பாறையை முடிச்சுட்டுக் கோயிலுக்கு வாங்க, ஆனா மத்தியானம் நடை சாத்துறதுக்கு முன்னால வந்திரணும். ஆம்பிளையள் சட்டையைக் கழத்திட்டுத்தான் உள்ள போவணும்.

சிறப்பு வரிசை டிக்கெட் வாங்கணுமா?

சாதாரண வார நாள்ல காலையிலேயே வந்தா காசு வேஸ்ட். ஐயப்ப பக்தர்கள் வாற கார்த்திகை, மார்கழியிலயும் மே லீவுலயும் வாங்கிக்கிடுங்க.

வந்து இறங்கினதும் "படகு நிறுத்தம்"னு சொல்லிட்டாங்கன்னா என்னங்க பண்றது? கோயமுத்தூர்ல இருந்து வர்றேனுங்க.

இதைத்தான் எல்லாரும் முதல்ல கேட்டிருக்கணும். இங்க நேரம் குறிக்கிறது கடல்தான். காத்து பலமா அடிச்சாலும் நிறுத்துவாங்க, தண்ணி வத்தினாலும் நிறுத்துவாங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தவத்தம் கூடுதலா இருக்கும். கடல் உள்வாங்கினா படகு தரை தட்டிரும்னு, நீர்மட்டம் ஏறுற வரைக்கும் வரிசை அசையாது. அதுக்காக உடனே பஸ் ஏறிராதீங்க, பல நாள் ரெண்டு மூணு மணி நேரத்துல திரும்ப ஓடும். அதுக்குள்ள காந்தி மண்டபத்தைப் பாருங்க. அஸ்தி வச்சிருந்த இடத்துல அக்டோபர் 2 அன்னிக்கு உச்சி வெயில் விழுற மாதிரி கூரையில துவாரம் விட்டுக் கட்டியிருக்காங்க.

இன்னொண்ணு, கள்ளக்கடல். இங்க காத்து இருக்காது, வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கும், ஆனா அலை மட்டும் திடீர்னு எந்திரிக்கும். தெற்கே இந்தியப் பெருங்கடல்ல எங்கேயோ அடிச்ச புயல்ல பிறந்த அலை, சில நாள் பயணம் பண்ணி நம்ம கரைக்கு வாறது அது. மேகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில மருத்துவ மாணவர்கள் அஞ்சு பேர் அலையில செத்துப் போனது அப்படி எச்சரிக்கை இருந்த நாள்லதான். ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் அறிவிப்பு கொடுக்கும், வாறதுக்கு முந்தின நாள் பாத்துக்கிடுங்க. அறிவிப்பு இருந்தா பாறையில நின்னு செல்ஃபி எடுக்கிற ஆசையை வீட்டிலேயே விட்டுட்டு வரணும். கூட ஆள் இல்லாதவங்களுக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும்.

சின்ன வள்ளம் பிடிச்சு பாறையைச் சுத்த முடியுமா? இல்லே நீந்தி?

ரெண்டும் வேண்டாம். பாறையில இறங்க பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுதான் வழி. விவேகானந்தர் 1892 டிசம்பர்ல நீந்திப் போனார்னு சொல்லுவாங்க. நீங்க லைஃப் ஜாக்கெட் போட்டுப் படகுல உக்காருங்க.

பாறையில எவ்வளவு நேரம் இருக்கலாம், அண்ணா?

ஒத்தையாளுக்கு தியான மண்டபம் போதும். பேச்சு கிடையாது, படம் எடுக்கக் கூடாது, இருட்டுல ஓம் வடிவம் மட்டும் தெரியும். குடும்பமா வாறவங்க பிள்ளை அழுததும் எந்திரிச்சிருவாங்க. நீங்க மனசாற உக்காரலாம். வெளியே தரையில சூரியன் உதிக்கிற இடம் மாசா மாசம் எப்படி நகருதுன்னு கணக்குக் குறிச்சிருக்கும், முக்கால்வாசிப் பேரு அதை மிதிச்சுட்டே போயிருவாங்க.

ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துட்டு வாங்க தம்பி. செருப்பைக் கழத்தி வைக்கணும், பதினோரு மணிக்கு மேல கருங்கல்லு உள்ளங்காலைப் பொரிச்சிரும்.

கண்ணாடிப் பாலம்னாலே எனக்குத் தலை சுத்தும். சிலைக்கு வேற வழி இருக்கா?

பயப்படாதீங்க தங்கச்சி. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுவுல ஓடுற பட்டைதான் கண்ணாடி, ஓரத்துல நடந்தா காலுக்குக் கீழே கடல் தெரியாது. 2024 டிசம்பர் 30-ல திறந்தது. அதுக்கு முன்னால, தண்ணி வத்தின நாள்ல படகு சிலைப் பக்கம் போகாம விவேகானந்தர் பாறையோட திரும்பிரும். வெளியூர்க்காரங்க வள்ளுவரைத் தூரத்துல கும்பிட்டுட்டுப் போவாங்க. என்னைக் கேட்டா, கண்ணாடி வெறும் வேடிக்கை, பாலம்தான் உபகாரம்.

அந்தப் பக்கம் போனா படியேறி வள்ளுவர் பாதம் வரைக்கும் போங்க. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலோட 38 அதிகாரம். மேல நிக்கிற சிலை 95 அடி, பொருளும் இன்பமும். கூட்டினா 133. சிலையை வடிச்ச கணபதி ஸ்தபதி கணக்கு அது. பாதத்துக்கிட்ட நின்னு ஒரு விரலோட உங்க கையை ஒப்பிட்டுப் பாத்தாத்தான் அளவு மண்டையில ஏறும். தொப்பி போட்டிருந்தா கழத்திப் பையில வைங்க, காத்து கொண்டு போயிரும்.

பொம்பளை தனியா வரலாமா?

தாராளமா வரலாம். பகல் முழுக்க ஆள் நடமாட்டம் உண்டு. நாகர்கோவில்ல தங்கினா சாதாரண டவுன் பஸ்ல உங்களுக்கு டிக்கெட் காசே கிடையாது. பொழுது அடைஞ்சதும் ஆளில்லாத பாறைக் கரைக்கு மட்டும் போகாதீங்க. இது ஆம்பிளையளுக்கும்தான்.

அஸ்தமனம் எல்லா மாசமும் தெரியுமா?

ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் சூரியன் தெக்கே சாஞ்சு கடல்ல இறங்கும். மத்த மாசம் மேக்குக் கரையே மறைச்சிரும். சித்ரா பௌர்ணமின்னா மேக்கே கரைக்குப் பின்னால சூரியன் இறங்க, கிழக்கே கடல்ல நிலா ஏறும். கூட்டமும் அதுக்குத் தக்கன.

மத்தியானத்துக்கு மேல நேரம் இருந்தா?

முதல்ல சாப்பிடுங்க. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன் கறியும் வைக்கிற சின்னக் கடையாப் பாத்து நுழையுங்க, பையில போட்டுக்க மட்டி வாழைப்பழம் ஒரு சீப்பு. அப்புறம் வட்டக்கோட்டை. கருங்கல் கோட்டை, சுவர் மேல நின்னா ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை. பத்மநாபபுரம் அரண்மனையை இதே நாள்ல திணிக்காதீங்க. அதுக்குத் தனியா அரை நாள் வேணும், திங்கக்கிழமை லீவு வேற.