மொபைல் செயலி எழுதத் தொடங்குபவருக்கு உண்மையில் பயன்படும் கருவிகளும் குறிப்புகளும் எவை?

ஆண்ட்ராய்டு செயலி எழுத அடிப்படையைக் கற்றுவிட்டேன், இனி எந்தக் கருவிகளைப் பழக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கம்பத்தில் இருந்துகொண்டு, ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரின் வருகையையும் கூலியையும் கங்காணிகள் பதிந்துகொள்வதற்கான ஒரு சிறிய செயலியை எழுதிப் பராமரித்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கோட்லின் என்ற மொழியில் எழுதுவதா, ஃப்ளட்டர் என்ற கருவித்தொகுப்பில் எழுதுவதா என்ற விவாதத்தில் அதிக நாளைச் செலவிட வேண்டாம். ஐபோனுக்கும் சேர்த்து எழுத வேண்டுமென்றால் ஃப்ளட்டர், ஆண்ட்ராய்டு மட்டும் போதுமென்றால் கோட்லின். என்னுடைய கங்காணிகளில் ஐபோன் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை.

விடியற்காலையில் கம்பத்திலும் கூடலூரிலும் ஆள் ஏற்றிக்கொண்டு புறப்படும் ஜீப்புகள் மலைப்பாதையில் ஏறி, எல்லைக்கு அப்பால் கேரளத்திலுள்ள வண்டன்மேடு, அணக்கரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகின்றன. கங்காணிகள் பெயர்களைப் பதிவது அந்த ஜீப்பில் உட்கார்ந்துதான். சிக்னல் விட்டுவிட்டு வருவதும் அந்த வழியில்தான். முதல் பதிப்பைக் கொடுத்த மூன்றாம் நாள் ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்து, "தம்பி, காலையில போட்ட பதினாலு பேரையும் காணோமே, கூலிய நானா குடுக்குறது?" என்று கேட்டார். பெயர்களைப் பாதி பதிந்திருந்தபோது அவருக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. 2 ஜிபி நினைவகம் கொண்ட அந்தக் கைபேசி, இடம் போதாமல் பின்னால் இருந்த என் செயலியை மூடிவிட்டது. என் மேசையிலிருந்த புதிய கைபேசியில் இந்தப் பிழை ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

இதை வீட்டிலேயே வரவழைத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தொட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்பதை இயக்கிவிட்டு, செயலியை விட்டு வெளியே போய்த் திரும்ப வாருங்கள். எதைச் சேமிக்க மறந்தீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும். எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலிக் கைபேசி) நெட்வொர்க் வேகத்தைப் பழைய 2ஜி காலத்து எட்ஜ் அளவுக்கு இறக்கியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நான் செய்த மாற்றம் எளியது. 'சேமி' பொத்தானுக்குக் காத்திராமல், ஒரு பெயரைத் தொட்ட கணத்திலேயே அது ரூம் என்ற ஆண்ட்ராய்டு நூலகத்தின் வழியாகக் கைபேசியிலேயே இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதப்பட்டுவிடும். இணையம் கிடைக்கும்போது, பின்னணி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் வொர்க்மேனேஜர் என்ற நூலகம் அதைச் சர்வருக்கு அனுப்பிக்கொள்ளும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, 'வந்துவிட்டது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தால், கைபேசி அதே பதிவை மறுபடி அனுப்பும். எனக்கு ஒருவருடைய ஒரு நாள் கூலி இரண்டு நாளாகக் கணக்கில் ஏறியது இப்படித்தான். ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியிலேயே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, அதே எண் மீண்டும் வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பதில் மட்டும் தரும்படி செய்துவிடுங்கள்.

எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு தொல்லை எழுத்து. பொன்னுத்தாய் என்று தேடினால் பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் பொன்னுத்தாய் அகப்படவில்லை. ஒகரக் குறியை, கணினிகள் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சேமிப்பதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் ஜாவாவின் நார்மலைசர் கொண்டு, இப்படிப்பட்டவற்றை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீர்ந்துவிடும். தோட்டத்து அலுவலகக் கணக்கர்கள் பதியும் மலையாளப் பெயர்களுக்கோ இது போதாது. மலையாளச் சில்லெழுத்துகளுக்கு (உயிரொலி சேராத மெய்யைக் காட்டும் தனி வடிவங்கள்) 2008-இல் வந்த யூனிகோடு 5.1 தனிக் குறியீடுகளைக் கொடுத்தது. அதற்கு முந்தைய முறையில் எழுதியதை என்எஃப்சி புதிய குறியீட்டுக்கு மாற்றாது. அந்த மாற்றத்துக்கு நாமே சில வரிகள் எழுதியாக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

மற்றவற்றில், கைபேசித் திரையைக் கணினியில் காட்டும் scrcpy, நினைவகக் கசிவைக் காட்டிக்கொடுக்கும் லீக்கேனரி, பயனரிடம் செயலி முறிந்தால் காரணத்தை அனுப்பிவைக்கும் ஃபயர்பேஸ் கிராஷ்லிட்டிக்ஸ் ஆகிய மூன்றையும் முதல் நாளிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் இலவசம்.

ப்ளே ஸ்டோரில் செயலி வெளியிடும் கணக்குக்கு ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கானால், செயலியை வெளியிடுவதற்கு முன், நாம் சேர்த்தவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்க்கும் மூடிய சோதனை நடத்த வேண்டும். தொடக்கத்தில் 20 பேர் என்றிருந்ததைப் பின்னர் 12 பேராகக் குறைத்தார்கள், அவர்கள் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இருக்க வேண்டும். நண்பர்களைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பாமல், செயலியை அன்றாடம் பயன்படுத்தப் போகிறவர்களையே சேருங்கள். சோதனையில் சேர்க்கத் தேவைப்படும் அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியை மட்டும் வாயால் கேட்டு எழுதாதீர்கள். பலருக்கும் கைபேசி வாங்கிய கடையிலேயே யாரோ கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருப்பார்கள்; முகவரி என்னவென்று அவர்களுக்கே தெரியாது. நான் ஜீப் புறப்படுவதற்கு முன் போய் நின்று, ஒவ்வொருவர் கைபேசியிலும் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேல் மூலையிலுள்ள வட்டத்தைத் தொட்டு, அங்கே இருந்த முகவரியைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.