எதிர்ல ஆடின பையன் யாரு?

கடிதம்:

வணக்கம் அண்ணா,

நெதர்லாந்துல இருந்து எழுதுறேன். என் பையனுக்கு 18 வயசு, கோல்ஃப்ல ப்ளஸ் 3 ஹேண்டிகேப், அதாவது ரொம்ப நல்லா ஆடுவான். இந்த வருஷம் பிப்ரவரில போர்ச்சுகல், மார்ச்ல ஸ்பெயின், மே மாசம் இங்கிலாந்துல லிதம் ட்ரோஃபி, ஜூன்ல பணத்துக்கு ஆடாதவங்களுக்கான பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன்ஷிப்னு லீவ் போட்டு அவன்கூடவே சுத்தினேன். அமெச்சூர்ல 36 ஹோல் குவாலிஃபையிங் தாண்டி, ஒருத்தனுக்கு ஒருத்தன் ஹோல் ஹோலா மோதுற மேட்ச் ப்ளேக்கு வந்துட்டு முதல் மேட்ச்லயே 18ஆவது ஹோல்ல தோத்துட்டான். அன்னைக்கு அவன் 18 ஹோலுக்கு அடிச்சது 69 கணக்கு, கம்மியா அடிச்சாத்தானே நல்லது. 74 கணக்குல ஆடினவன்லாம் அடுத்த ரவுண்டுக்குப் போறான். இது லாட்டரிதானே அண்ணா? அடுத்த வருஷம் இதை விட்டுட்டு, ஐரோப்பிய அமெச்சூர் மாதிரி 72 ஹோல்ல மொத்தம் எத்தனை அடின்னு எண்ணுற ஸ்ட்ரோக் ப்ளே மட்டும் ஆட வெச்சா ரேங்கிங் ஏறும்ல? அமெரிக்க காலேஜுக்கு அனுப்பலாமா? கடலோர லிங்க்ஸ் மைதானத்துக்கு, பந்தைக் குழிக்கு உருட்டுற புட்டர் வேற வாங்கணுமா? செலவும் கைமீறிப் போகுது.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்க கடிதம் வந்த அன்னைக்குக் காலையிலதான் லிவர்பூல் பக்கம் ஃப்ரெஷ்ஃபீல்ட் ஸ்டேஷன்ல இறங்கி ஃபார்ம்பி கோல்ஃப் மைதானத்து ஓரமா பைன் மரத்துக்கு நடுவுல நடந்துட்டு வந்தேன், ரிட்டயர் ஆனதுல இருந்து வாரத்துல ரெண்டு நாள் அங்கதான் போறேன், போனா எனக்கு எப்பவும் 2009 ஞாபகம்தான் வரும். வீட்டுக்கு வந்து தபால் பொட்டியைத் திறந்தா உங்க கடிதம். அதனாலதான் உடனே எழுதுறேன்.

புட்டர் எல்லாம் ஒண்ணும் வாங்க வேணாம். அமெரிக்க காலேஜ் விஷயத்தைப் பையன்கிட்ட கேளுங்க, என்கிட்ட கேக்காதீங்க. செலவுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன், 2022 ஜனவரி 1ல இருந்து விதி மாறிடுச்சு, அமெச்சூரா இருந்துக்கிட்டே ஸ்பான்சர் வாங்கலாம், தன் பேரை வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம், பரிசுப் பணம்தான் 700 பவுண்டுக்கு மேல வாங்கக் கூடாது. உங்க ஊர் கிளப்ல விசாரிங்க, உள்ளூர்க் கடைக்காரர் யாராவது பயணச் செலவுக்கு உதவலாம். இதை வாங்குறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

இப்ப அந்த லாட்டரிக்கு வர்றேன். அந்த வார்த்தையைப் படிச்சதும் எனக்குக் கோவம் வந்துச்சு தம்பி, மறைக்க மாட்டேன்.

1885ல இங்கிலாந்துல ஹாய்லேக்ல ஆரம்பிச்ச ஆட்டம் அந்த அமெச்சூர். இப்ப 288 பேர் வர்றாங்க, ரெண்டு மைதானத்துல ஆளுக்கு ரெண்டு ரவுண்டு, அதுல 64 பேர் தேறணும், அதுக்கப்புறம் ஒருத்தனுக்கு ஒருத்தன், தோத்தா வெளியே, கடைசில 36 ஹோல் ஃபைனல். உங்க பையன் முதல் வடிகட்டியைத் தாண்டிட்டான், அதை நீங்க ஒரு வரியில தாண்டிப் போயிட்டீங்க.

69க்கும் 74க்கும் நீங்க போடுற கணக்கு மேட்ச் ப்ளேல செல்லவே செல்லாது. அங்க ஒவ்வொரு ஹோலையும் யார் ஜெயிச்சாங்கன்னுதான் கணக்கு, ஒரு ஹோல்ல 9 அடிச்சாலும் போறது ஒரே ஒரு ஹோல்தான், பந்தைப் பையில போட்டுட்டு அடுத்த ஹோல் ஆரம்பிக்கிற டீக்கு நடக்கணும், அங்க எல்லாம் புதுசா ஆரம்பிக்கும். ஸ்ட்ரோக் ப்ளேல அந்த 9 நாலு நாளும் கூடவே வரும். எதிராளி இருபதடி புட்டைப் போட்டுட்டா உன் மூணடி புட் திடீர்னு பத்தடி ஆயிடும், அவன் காட்டுக்குள்ள அடிச்சிட்டா நீ தூரம் அடிக்கிற ட்ரைவரை உள்ள வெச்சுட்டு பத்திரமா அடிக்கிற அயர்னை எடுக்கணும், அவன் மூஞ்சியைப் பாக்கணும், அவன் நடையைப் பாக்கணும், ஒரு சின்ன புட்டை அவன் அடிக்காமலே போட்டதா ஒத்துக்கிட்டு விட்டுக் கொடுக்கிறதா, போடச் சொல்றதான்னு பதினெட்டு வயசுப் பையன் தனியா முடிவெடுக்கணும். ப்ரோ ஆனதுக்கு அப்புறம் வருஷம் முழுக்க ஸ்ட்ரோக் ப்ளேதான், மேட்ச் ப்ளே எப்பவாவது அபூர்வமா வரும். இதைக் கத்துக்க அவனுக்கு இருக்கிறது இந்த நாலஞ்சு வருஷம், அதையும் லாட்டரின்னு சொல்லிப் பிடுங்கப் பாக்குறீங்க.

2009ல அமெச்சூர் ஃபார்ம்பில நடந்துச்சு. டிக்கெட் கிடையாது, ஆடுறவங்களுக்குப் பின்னாலயே நடந்து போகலாம், மைதானத்தை ஒட்டி லிவர்பூல் ரயில் போகும். மத்தேயோ மனசேரோன்னு இத்தாலிப் பையன், 16 வயசு, மீசைகூட சரியா வரல. ஃபைனல்ல இங்கிலாந்துக்காரர் சாம் ஹட்ஸ்பியை 4 அண்ட் 3ல ஜெயிச்சான், அதாவது இன்னும் மூணு ஹோல்தான் பாக்கி, இவன் நாலு முன்னால, அதோட முடிஞ்சது. அடுத்த மாசம் ஸ்காட்லாந்துல டர்ன்பெரில ப்ரோக்களும் ஆடுற பிரிட்டிஷ் ஓப்பன், முதல் ரெண்டு நாள் பழைய சாம்பியன் 59 வயசு டாம் வாட்சன்கூட ஆடினான், 13ஆவது இடத்தைப் பகிர்ந்துகிட்டு, முதல்ல வந்த அமெச்சூருக்குக் கொடுக்கிற வெள்ளிப் பதக்கத்தை வாங்கினான். 17 வயசுல ஐரோப்பிய டூர்ல ஜெயிச்சான், 2013ல இங்கிலாந்துல வென்ட்வொர்த்ல பிஎம்டபிள்யூ பிஜிஏங்கிற பெரிய போட்டியை ஜெயிச்சான். அப்புறம் சறுக்கினான் பாருங்க, டூர்ல ஆடுற உரிமையான கார்டே போயி, கீழ இருக்கிற ஆல்ப்ஸ் டூர்ல போய் ஆடினான், திரும்பவும் பெரிய டூர்ல ஜெயிச்சது 2024 மார்ச்ல தென்னாப்பிரிக்காவுல. கிட்டத்தட்ட பதினோரு வருஷம்! அந்தப் பதினோரு வருஷத்தை எந்த ரேங்கிங் கணக்கு தாங்கும்னு நினைக்கிறீங்க?

அதே 2009 மே மாசம் அயர்லாந்துல பால்ட்ரேல ஐரிஷ் ஓப்பன், மழை கொட்டுது, ஷேன் லோரின்னு ஒரு அமெச்சூர், சமமா முடிஞ்சதுக்கு அப்புறம் வெச்ச ப்ளே ஆஃப்ல ராபர்ட் ராக்கைத் தோற்கடிச்சு ஜெயிச்சிட்டார். முதல் பரிசு 5 லட்சம் யூரோ, அமெச்சூரா இருந்ததால அவர் அதைத் தொட முடியாது, பணம் ரெண்டாவது வந்த ராக்குக்குப் போச்சு. அன்னைக்கு டிவில லோரி முகத்தைப் பாத்தேன், அந்த சந்தோஷத்துல பணம் எங்கயும் தெரியல. பத்து வருஷம் கழிச்சு போர்ட்ரஷ்ல ஓப்பனே ஜெயிச்சார்.

இதெல்லாம் இவ்வளவு நல்லாத் தெரிஞ்ச நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன், இதுவரைக்கும் எழுதினது இல்ல.

எங்க பொண்ணு ஜூனியர்ல ஆடினா. ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் ஒரு மேட்ச், 3 அப், அதாவது மூணு ஹோல் முன்னால, பாக்கி இன்னும் நாலு ஹோல்தான். நாலையும் விட்டா, ஒரு ஹோல்ல தோத்தா. சிரிச்ச முகத்தோட எதிராளிக்குக் கை கொடுத்துட்டு வந்து கார்ல முன் சீட்ல என் பக்கத்துல உக்காந்தா. நான் ஆஸ்பத்திரி கணக்குப் பிரிவுல 26 வருஷம் வேலை பாத்தவன், வரிசையாச் சொல்லித்தான் பழக்கம், 15ல ஏன் ட்ரைவர் எடுத்தே, 16ல ஏன் அவசரப்பட்டே, 17ல, 18லன்னு எம்6 ரோடு முழுக்கப் பேசினேன், கத்தல, திட்டல, பொறுமையாத்தான் விளக்கினேன், அது அதைவிட மோசம்னு அப்ப தெரியல. வழியில சர்வீஸ் ஸ்டேஷன்ல பாத்ரூம் போறேன்னு இறங்கினவ நாப்பது நிமிஷம் வரல. வந்ததும் பின் கதவைத் திறந்து பின் சீட்ல உக்காந்துக்கிட்டா. அதுவரைக்கும் பின்னால உக்காந்ததே இல்ல. அந்த வருஷம் அக்டோபர்ல மேட்ச் ஆடுறதை நிறுத்திட்டா, படிப்பு இருக்குன்னு சொன்னா, நானும் நம்பினேன். இப்ப அவ லீட்ஸ்ல இருக்கா, ஞாயித்துக்கிழமை காலையில ஆடுறாளாம், மாப்பிள்ளை பேச்சுவாக்குல சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளா இன்னும் என்கிட்ட சொல்லல.

அதனால தம்பி, கார்ல வாயைத் திறக்காதீங்க. ஆட்டம் முடிஞ்சு அவனாப் பேசினா கேளுங்க, பேசலன்னா பாட்டு போடுங்க, பசிக்குதான்னு கேளுங்க, உங்க ஊர் பக்கம் ஹூக் வான் ஹாலண்ட் போற கப்பல்ல ராத்திரி முழுக்க அவன் பேசாம இருந்தாலும் இருக்கட்டும். மறுநாளும் கேக்காதீங்க. ஒரு வாரம் கழிச்சும் நீங்களா ஆரம்பிக்காதீங்க. அவனுக்குக் கோச் இருக்கார்ல, ஆட்டத்தைப் பத்தி அவர் பேசிக்குவார். அந்த 69ஐ எங்க எழுதி வெச்சிருக்கீங்களோ அங்க இருந்து அழிச்சிடுங்க, மேட்ச் ப்ளேல அப்படி ஒரு ஸ்கோரே கிடையாது, விட்டுக் கொடுத்த புட்டை எல்லாம் நீங்களே போட்ட மாதிரி கூட்டிச் சேர்த்த கணக்கு அது.

நீங்க கேட்டதுக்கு: ரெண்டும் ஆடட்டும். ஐரோப்பிய அமெச்சூரும் நல்ல ஆட்டம்தான், 1995ல செர்ஜியோ கார்சியா, 2006ல இத்தாலில பியெல்லால ரோரி மக்கில்ராய் ஜெயிச்சது, ஜெயிச்சா ஓப்பனுக்கு இடம் உண்டு. அதுக்காக ஜூன் மாச ஆட்டத்தை விடாதீங்க.

இன்னொண்ணு. கடிதத்துல தேதி, மைதானம், ஸ்கோர், செலவு எல்லாம் இருக்கு. உங்க பையனை 18ஆவது ஹோல்ல ஜெயிச்ச அந்தப் பையனைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல. உங்க பையனுக்குத் தெரிஞ்சிருக்கும், நாலு மணி நேரம் பக்கத்துல நடந்திருக்கான். அவன் எந்த ஊரு, எப்படி ஆடினான்னு உங்க பையனாச் சொல்றப்ப கேட்டு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அண்ணன்