பிள்ளைக்காசில் தமையனின் கடன்

கேள்வி: கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறோம். பிள்ளைகள் இருவர், வயது 9, 4. வீட்டு வருமானம் 60,000 டொலர். கணவரின் தமையனுக்கு அவசரம் என்று என் கடனட்டையில் 14,000 டொலர் காசாக எடுத்துக் கொடுத்தோம். வட்டி 22.99 வீதம். பிள்ளைக்காசு (பிள்ளைகளுக்காக அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) வந்ததும் அந்தக் கடனுக்கு 300 டொலர் கட்டுகிறேன். மிச்சம் வீட்டுச் செலவோடு போய்விடும். இப்போது காப்புறுதி முகவராக இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் பிள்ளைகளின் பெயரில் 20 வருட ஆயுள் காப்புறுதி போடச் சொல்கிறார், மாதம் 250. "அரசாங்கம் எப்ப நிப்பாட்டுமோ தெரியாது, வரேக்கையே பூட்டி வையுங்கோ" என்கிறார். நிறுத்திவிடுவார்களா?

பதில்: கனடாவில் இந்தக் காசு 1945 யூலையில் தொடங்கியது. ஆறு வயதுக்குக் கீழே மாதம் 5 டொலர், 13 முதல் 15 வரை 8 டொலர். பணக்காரர், ஏழை எல்லாருக்கும் ஒன்றுதான். 1974இல் சராசரி 20 டொலராக்கி, வரியும் போட்டார்கள். 1992 முடிவோடு எல்லாருக்கும் என்பது போய், வருமானம் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2006இல் மறுபடி எல்லாருக்கும், சின்னப் பிள்ளைக்கு மாதம் 100. 2015இல் அதைக் கூட்டி, தேர்தலுக்கு முன் யூலையில் ஆறு மாத நிலுவையை ஒரேயடியாகப் போட்டார்கள். சந்தோசமாகச் செலவழித்த பலருக்கு அடுத்த ஏப்ரலில்தான் அதற்கு வரி உண்டென்று தெரிந்தது. 2016இல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, வரியில்லாமல் தருகிறார்கள்.

80 வருடத்தில் ஆட்சியும் கணக்கும் மாறினவே தவிர, காசு நின்றதில்லை. உங்கள் வீட்டில் அது குறையப்போகும் நாட்களோ இப்போதே தெரிந்தவை. சின்னவருக்கு 6 வயதானதும் மாதம் நூறு டொலர் அளவில் குறையும். வருமானம் ஆயிரம் கூடினால் வருடத்துக்கு 135 போகும். மூத்தவருக்கு 18 ஆனதும் அவருடைய பங்கு நின்றுவிடும். அதற்கு இன்னும் 9 வருடம். காப்புறுதிக்கோ 20 வருடம் கட்ட வேண்டும். இடையில் முறித்தால் ஆரம்ப வருடங்களில் கைக்கு வருவது சொற்பம். இந்தக் கணக்கை உங்கள் முகவர் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்.

காப்புறுதியை விடுங்கள், அந்த 300 டொலருக்கு வருவோம். 14,000க்கு 22.99 வீதம் என்றால் மாத வட்டி மட்டும் சுமார் 268. அசலில் கழிவது 32 டொலர். வருடம் முழுக்கக் கட்டியும் கடன் 425 டொலர் அளவில்தான் குறையும். 2025 யூலைக் கணக்கின்படி உங்களுக்கு மத்திய அரசிடமிருந்து மாதம் கிட்டத்தட்ட 975 வரவேண்டும். அதில் கால்பங்குக்கு மேல் தமையனின் வட்டி.

அந்த அட்டையை இனித் தொடாதீர்கள். வங்கியில் குறைந்த வட்டிக் கடன் கேட்டு இதை அங்கே மாற்றப் பாருங்கள். தமையன் மாதம் 300 டொலரைத் தன் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி ஒழுங்கு செய்யட்டும். நீங்கள் 700 போட்டால் இதே வட்டியிலும் ஒன்றரை வருடத்துக்குள் முடியும். அவர் ஒரு சதமும் தராவிட்டால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதன் பிறகு கல்விச் சேமிப்புக் கணக்கு: ஒரு பிள்ளைக்கு வருடம் 2,500 போட்டால் அரசு 500 சேர்க்கும். விட்ட வருடங்களின் உதவித்தொகையையும் வருடத்துக்கு ஒன்றாகப் பின்னர் பிடிக்கலாம் என்பதால், கடனை முதலில் அடைப்பதால் பெரிதாக ஒன்றும் போகாது.

1945இல் காசோலை தாய்மாரின் பெயருக்கே போனது. கியூபெக் மாகாணத்தில் மட்டும் தகப்பன்மாருக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். அங்கே பெண்ணுரிமைக்காகப் பாடுபட்ட தெரேஸ் காஸ்கிரான் போராடி அதை மாற்ற வைத்தார். இன்றும் தாயும் தகப்பனும் ஒரே வீட்டில் இருந்தால் பொதுவாகத் தாயின் கணக்குக்கே போடுகிறார்கள். அதனால் "இது பிள்ளைகளின் காசு" என்று நீங்கள் சொல்வதில் கூச்சம் வேண்டாம். தமையனோடு கதைப்பதைக் கணவரிடம் விடுங்கள். தொகையையும் திகதியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.