60,000 யூரோ சம்பளத்தில் மியூனிக்கில் குடும்பம் நடத்த முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 35. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் மியூனிக் நகரில் ஆண்டுக்கு 60,000 யூரோ சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. மனைவியும் வேலைக்குப் போகிறார், இங்கே இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 30 லட்சம் வருகிறது. மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு ஒன்றரை. வீட்டுக்கடன் தவணை மாதம் 38,000, அப்பா அம்மாவுக்கு 20,000 அனுப்ப வேண்டும். சேமிப்பு 14 லட்சம். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே 60 லட்சம், வருடத்துக்கு 20 லட்சமாவது மிச்சம் பிடிக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். குடும்பத்தோடு கிளம்பலாமா?

பதில்: போகலாம். ஆனால் அந்த 20 லட்சத்தை இப்போதே மறந்துவிடுங்கள், மனைவிக்கு அங்கே வேலை கிடைக்கும்வரை இந்தச் சம்பளத்தில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. குடும்பத்தோடு ஒன்றாகக் கிளம்புவதும் உங்களுக்குச் சரிவராது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கையில் என்ன வரும் என்று பார்ப்போம். 60,000 என்பது மாதம் 5,000. மனைவிக்கு வருமானம் இல்லாதவரை உங்களுக்கு மூன்றாம் வரி வகுப்பு, அதாவது மாதா மாதம் வரி குறைவாகப் பிடிக்கும் பிரிவு, கிடைக்கும். அதிலும் வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு எல்லாம் பிடித்தது போக சுமார் 3,500 யூரோதான் வங்கிக்கு வரும். பிடித்தம் அதிகம்தான், ஆனால் அந்த மருத்துவக் காப்பீட்டிலேயே வேலை பார்க்காத மனைவியும் இரண்டு குழந்தைகளும் தனிக் கட்டணம் இல்லாமல் அடங்கிவிடுகிறார்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது பெரிய விஷயம். இதோடு கிண்டர்கெல்ட் என்ற குழந்தை உதவித்தொகை, 2026 ஜனவரியிலிருந்து ஒரு குழந்தைக்கு மாதம் 259 யூரோ, இரண்டு பேருக்கும் 518. ஆக மாத வரவு 4,000 சொச்சம்.

இனி வாடகை. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது கால்ட்மீட்டே, அதாவது வெறும் இடத்துக்கான வாடகை. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, பொதுப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் வார்ம்மீட்டே. உங்கள் கணக்கில் எழுத வேண்டியது இரண்டாவதைத்தான், அதிலும் மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் சேராது. மியூனிக் நகருக்குள் இப்போது புதிதாக வாடகைக்கு வரும் வீடுகளில் சதுர மீட்டர் 20 யூரோவுக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். 75 சதுர மீட்டர் வீட்டை 21 யூரோவுக்குப் பிடித்தால் 1,575, மற்றதெல்லாம் சேர்ந்து 1,850 வரை வந்துவிடும். டாக்கௌ, ஃப்ரைசிங், எர்டிங் மாதிரி எஸ்-பான் ரயில் போகும் ஊர்களில் கொஞ்சம் குறையலாம். யார் சொன்ன தொகையையும் நம்பாதீர்கள் (நான் சொன்னதையும் சேர்த்துத்தான்), இம்மோஸ்கௌட்24 தளத்தில் இந்த வாரம் வந்த பத்து வீடுகளின் வார்ம்மீட்டேயை நீங்களே எழுதிப் பாருங்கள்.

மற்ற செலவுகளை ஓரளவு சிக்கனமாகவே போடுகிறேன். மின்சாரம், இணையம், கைபேசி, ஒவ்வொரு வீடும் கட்டியே ஆக வேண்டிய ஒலிபரப்புக் கட்டணம் எல்லாம் 170. சாப்பாடு, டயப்பர், வீட்டுச் சாமான் 800. இருவருக்கும் மாதம் 63 யூரோ ரயில், பேருந்துச் சீட்டு 126. குழந்தைகள் காப்பகமும் மதியச் சாப்பாடும் 300. துணிமணி, பொறுப்புக் காப்பீடு (நம்மால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது), வெளியே போய்வருவது 250. வாடகையோடு கூட்டினால் ஏறத்தாழ 3,500. மிச்சம் 500 யூரோ. நீங்கள் ஊருக்கு அனுப்ப வேண்டிய 58,000 ரூபாய் என்பது 580 யூரோ. அதாவது, ஒரு தடவைகூட ஊருக்கு வராமலேயே மாதம் 80 யூரோ துண்டு விழுகிறது.

ஊருக்கு வராமல் இருக்க மாட்டீர்கள். இளையவனுக்கு இரண்டு வயது முடிந்தால் அவனுக்கும் தனி இருக்கை, நான்கு டிக்கெட். மூத்தவள் சீக்கிரமே பள்ளியில் சேர்ந்துவிடுவாள், அங்கே பள்ளி நாட்களில் குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துப் போனால் அபராதம் போடுவார்கள். அதனால் பயணம் விடுமுறையில்தான், பவேரியாவில் கோடை விடுமுறை ஆகஸ்டு முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும் நேரம். அதற்கு மட்டும் மாதம் 300 யூரோ எடுத்து வைக்க வேண்டும்.

காப்பகத்துக்கு 300 போட்டேனே, அது நல்ல இடம் கிடைத்தால்தான். ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பக இடம் கேட்கும் சட்ட உரிமை ஜெர்மனியில் 2013-லிருந்து இருக்கிறது, ஆனால் இடத்துக்குக் காத்திருப்பதும் உண்மைதான். நகராட்சி நடத்துவதற்கும் தனியாருக்கும் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், மாதம் ஆயிரம் யூரோவைத் தாண்டும் தனியார் காப்பகங்களும் உண்டு. உங்களைப் போலப் படித்து வேலைக்குப் போகும் வெளிநாட்டினருக்குத் தரும் புளூ கார்டு விசாவில் மனைவிக்கு வேலை பார்க்கத் தடை இல்லை. ஆனால் சின்னவனுக்கு இடம் கிடைத்த பிறகுதான் அவர் வேலை தேடவே முடியும். எனவே முதல் ஒரு வருடத்துக்கு ஒரே சம்பளம் என்றே எழுதுங்கள்.

மாதச் செலவைவிட நான் அதிகம் கவலைப்படுவது முதல் மூன்று மாதங்களைப் பற்றித்தான். பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டு உரிமையாளர்கள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும், ஷூஃபா என்ற கடன் வரலாற்றுச் சான்றும் கேட்பார்கள். புதிதாகப் போகும் உங்களிடம் இரண்டும் இருக்காது. அதுவரை சாமான்களோடு கூடிய தற்காலிக வீடு வேண்டும், குடும்பத்தோடு என்றால் மாதம் 2,800 ஆகும், இரண்டு மாதத்துக்கு 5,600. நிரந்தர வீட்டுக்கு முன்பணம் கால்ட்மீட்டேயைப் போல மூன்று மடங்கு வரை கேட்கலாம், 4,700 (இதை மூன்று மாதத் தவணையாகக் கட்ட சட்டம் இடம் தருகிறது, கேட்டு வாங்குங்கள்). அப்புறம் சமையலறை. அங்கே பல வீடுகள் அடுப்பு, அலமாரி, கழுவுதொட்டி எதுவும் இல்லாமல் வெறும் சுவரும் குழாயுமாகத்தான் வரும், முன்பு குடியிருந்தவரிடம் பழையதை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். அதற்கும் கட்டில், சலவை இயந்திரத்துக்கும் 4,000. விமான டிக்கெட், விசா, குளிருக்கான துணி, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 17,000 யூரோவைத் தொடுகிறது, அதாவது 17 லட்சம். உங்களிடம் இருப்பது 14. கிண்டர்கெல்ட் உடனே வராது, விண்ணப்பம் போட்டு முடிவு வரும்வரை வாரக்கணக்கில் ஆகும். ஆறு மாதத்துக்கு முன்தேதியிட்டுக் கொடுப்பார்கள் என்றாலும், அந்தப் பணம் வருவதற்குள் நீங்கள் கடன் அட்டையைத் தேய்க்க ஆரம்பித்திருப்பீர்கள்.

அதனால்தான் நீங்கள் மட்டும் முதலில் போங்கள் என்கிறேன். பகிர்ந்து தங்கும் வீட்டில் ஓர் அறை எடுத்து, நான்கு மாதத்தில் சம்பளச் சீட்டு சேர்த்து, வீடு பிடித்து, காப்பகத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டு அவர்களை அழையுங்கள். அந்த மாதங்களில் மனைவியின் சம்பளமும் இங்கே ஓடும், தவணையும் பெற்றோர் செலவும் அதிலிருந்தே போகும். குழந்தைகளை நான்கு மாதம் பிரிந்திருப்பது கஷ்டம், அதைச் சாதாரணமாக நினைத்து நான் சொல்லவில்லை. ஆனால் தெரியாத ஊரில், கையிருப்பு கரைந்துகொண்டிருக்க, பெட்டியும் குழந்தைகளுமாக வீடு தேடி அலைவது அதைவிடக் கஷ்டம். அறை எடுக்கும்போது முகவரிப் பதிவுக்கு உரிமையாளர் சான்று தருவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். அது இல்லாமல் பதிவு நடக்காது, பதிவு இல்லாமல் வரி எண் வராது. தனியாக இருக்கும்வரை முதல் வரி வகுப்பில்தான் இருப்பீர்கள், மாதம் முந்நூறு, நானூறு யூரோ குறைவாக வரும். அதே வருடத்துக்குள் குடும்பம் வந்துவிட்டால், கூட்டாக வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஒரு பகுதி திரும்பி வர வாய்ப்பு உண்டு. மனைவியின் இந்திய வருமானத்தையும் அதில் காட்ட வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுவனத்திடம் பேசுங்கள். சம்பளத்தில் 3,000 யூரோ கூட்டிக் கேட்டால் கிட்டத்தட்ட பாதி பிடித்தத்திலேயே போய்விடும். இரண்டு மாதத் தற்காலிக வீடு, குடும்பத்துக்கு டிக்கெட், முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடன், இவற்றைக் கேளுங்கள். நீங்கள் தட்டுத்தடுமாறப் போவது இவற்றில்தான். அவர்கள் அடிக்கடி கொடுப்பதும் இவற்றைத்தான்.

கோவை வீட்டைப் பூட்டிப் போடாமல் வாடகைக்கு விடுங்கள், மாதம் விழும் துண்டில் பாதியாவது அடைபடும். நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் ஆனதும் குடியிருப்பவர் வாடகையில் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதிகமாகப் பிடித்ததை இங்கே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாடகை வந்து விழுவதற்கும் தவணை போவதற்கும், இப்போதுள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியர் இங்குள்ள வருமானத்துக்காக வைத்துக்கொள்ளும் கணக்கு) மாற்றித் தரச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள்.