தூரிகைப் பதில்கள்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகுக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கிறோம். ராணுவப் பெட்டிகளில் இருப்பதுபோல் நடுநடுவே வெட்டு விழுந்த தடித்த ஆங்கில எழுத்தில் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதலாம் என்கிறான் மகன். சரிப்படுமா?
– படகு உரிமையாளர், தங்கச்சிமடம்

பதில்: பெயருக்குத் தாராளமாக எழுதுங்கள், ஐயா. எண்ணுக்கு வேண்டாம். 8-இன் இடப்பக்கம் வெட்டு விழுந்தால், அலையில் ஆடும் படகில் அது 3 ஆகத் தெரியும். ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று தொடங்கும் அந்த வரிதான் நடுக்கடலில் உங்கள் படகின் அடையாளம். அதை வெட்டில்லாத எழுத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

மகன் கேட்பது ‘ஸ்டென்சில்’ எழுத்துருவாக இருக்கும். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ஜெரி பவல் 1937-இல் வரைந்தது; ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டும் கொண்டது. அந்த வெட்டுகள் அலங்காரத்துக்காகப் பிறந்தவை அல்ல. மேலே பெயின்ட் அடித்து எழுத்தைப் பதிப்பதற்காகத் தகரத்தில் ஆங்கில ‘ஓ’வை வெட்டினால் நடுத்துண்டு கீழே விழுந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்த விட்டுவைக்கும் பட்டைதான், பெயின்ட் அடித்தபின் வெட்டாகத் தெரிகிறது. உழைப்பின் தடம் அப்படியே தெரிவதால்தான் எனக்கு இந்த எழுத்தின்மேல் தீராத பிரியம். ஐஸ் பெட்டியிலும் எழுதுங்கள், கம்பீரமாக இருக்கும்.

கேள்வி: கருவாட்டுச் சாக்குகளில் ஊர்ப் பெயரைத் தமிழில் அடிக்கத் தகடு வெட்டினேன். எல்லாம் திட்டுத்திட்டாக விழுகிறது.
– வியாபாரி, கீழக்கரை

பதில்: உங்கள் ஊர்ப் பெயரே கடினமான பெயர். ‘ர’ ஒன்றுதான் திறந்த எழுத்து. ‘க’வின் இடப்பக்க வயிறு, ‘ழ’வின் சுழி, ஐகாரக் கொம்பின் இரண்டு சுழிகள் எல்லாம் மூடியவை, ஒவ்வொன்றுக்கும் பட்டை வேண்டும். கோட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது அகலம் விடுங்கள். குறைத்தால் பெயின்ட் ஏறி ஏறித் தகடு வளைந்து, பட்டை அறுந்துவிடும்.

அதிகக் கவனம் தேவைப்படுவது ‘கீ’. மேலே உள்ள சுழியின் பட்டையைச் சுழி தொடங்கும் இடத்தில் வைத்தால் ‘கி’ என்றே கண் படிக்கும். சுழியின் உச்சியில் வையுங்கள். ‘க்’ புள்ளிக்குப் பட்டை தேவையில்லை, அது தனி ஓட்டை. ஆனால் எழுத்தைவிட்டு நன்றாகத் தள்ளி வெட்டுங்கள்.

சாக்கில் எழுத்து இரண்டு அங்குலத்துக்குக் குறையவே கூடாது. தகரம் கிடைக்காவிட்டால் பழைய எக்ஸ்ரே பிலிம் போதும். பெயின்டைக் கெட்டியாக வைத்து, பிரஷ்ஷை இழுக்காமல் செங்குத்தாக ஒற்றுங்கள். இழுத்தால் ஓரத்தில் புகுந்து கசியும். உங்கள் திட்டுகளுக்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: அக்காவின் திருமண அழைப்பிதழ் முழுவதையும் ஸ்டென்சில் எழுத்தில் அச்சிடலாமா?
– மாணவி, தொண்டி

பதில்: வேண்டாம் அம்மா. இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாக எழுதத்தான் இது. சிறிதாக்கினால் வெட்டுகள் அடைபடும், உறவினர் பெயர்களைப் பெரியவர்கள் படிக்கத் திணறுவார்கள். கல்லூரி விளையாட்டு விழாப் பதாகைக்கு எடுத்துவையுங்கள்.